ஆய்வுகூடம் யாவர்க்கும் உரியது

விஞ்ஞானம் ஏட்டிலே படித்து முடிக்குங் கல்வியன்று. கையாற் செய்து, புலன்களால் அறிந்து தெளியுங் கல்வியாகும். அதற்காகவே பாடசாலைகளில் ஆய்வுகூடங்கள் அமைக்கப்படுகின்றன. ஆயினும், விழிப்புலனற்ற மாணவன் ஒருவனுக்கு அங்கே பெரும்பாலுங் கிடைப்பது ஓரத்தில் ஓர் ஆசனமே. தோழன் சோதனையைச் செய்வான்; பாசிச்சாயத்தாள் சிவந்தது என்பான்; இவன் கேட்டுக் குறித்துக்கொள்வான். இது பிறர் கண்டதைச் செவிவழி பெறுவதேயன்றிச் சோதனை செய்வதாகாது.

கண்ணில்லாதவன் அமிலத்தைக் கையாளலாமா என்று ஆசிரியர்கள் அஞ்சுவதுண்டு. அவ்வச்சம் இயல்பானதே. ஆனால் அமிலம் கண்ணுள்ளவனையுஞ் சுடும். அவனைக் காப்பன பாதுகாப்புக் கண்ணாடியும், ஒழுங்கும், பயிற்சியுமே. போத்தல்களை என்றும் ஒரே இடத்தில் வைத்து, அவற்றிற் பிறெயில் எழுத்திற் பெயர் பொறித்து, சிந்துவதைத் தாங்கும் தட்டின்மேல் வேலை செய்யப் பழக்கினால், அதே காப்பு இவனுக்குங் கிடைக்கும்.

அமெரிக்காவிலுள்ள பென்சில்வேனிய மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த கேரி சுப்பாலோ என்னும் இரசாயனவியலறிஞர் கண்பார்வையற்றவர். அவரும் அவருடன் உழைத்தோரும் ஒளியுணரி ஒன்றை ஆக்கினர். கண்ணாடிக் குழாயினுள் அடைக்கப்பட்ட அவ்வுணரியைக் கரைசலில் அமிழ்த்தினால், அங்குள்ள ஒளியின் அளவு ஓர் ஒலியாகக் கேட்கும். சோடியங்குளோரைட்டுக் கரைசலில் வெள்ளிநைத்திரேற்றைச் சேர்த்தால் வெண்ணிற வீழ்படிவு தோன்றுமன்றோ? அது தோன்றும்போது ஒலியின் சுருதி மாறும். மாணவன் அம்மாற்றத்தைத் தன் செவியாலேயே அறிவான். பிறர் வாய்ச்சொல் வேண்டியதில்லை.

எல்லாக் கருவிகளும் அத்தகைய நுட்பம் வேண்டுவனவல்ல. ஊசி நீக்கிய பிளாத்திக்கு ஊசிக்குழாயின் ஆடுதண்டிலே அளவுக்கேற்ற வெட்டுகளை இட்டுவிட்டால், விரல் நுனியாலே திரவத்தை அளக்கலாம். இதற்கு வேண்டுவது ஒரு சிறு கத்தியும் ஆசிரியரின் அரைமணி நேரமுமே.

சக்கர நாற்காலியில் அமர்ந்து வரும் மாணவிக்குத் தடையாவது மேசையின் உயரம். நின்று வேலை செய்வதற்கென ஆக்கப்படும் ஆய்வுகூட மேசை வழக்கமாக 36 அங்குல உயரமுடையது. அமெரிக்காவின் 2010 ஆம் ஆண்டு அமைப்பு விதிகளோ, இத்தகையோர் பயன்படுத்தும் மேசைப்பரப்பு 28 முதல் 34 அங்குலத்துள் இருத்தல் வேண்டுமென்றும், முழங்கால் செல்வதற்கு 27 அங்குல உயர இடைவெளி வேண்டுமென்றும் வகுத்துள்ளன. ஆக, ஒருத்தியை இரசாயனவியலிலிருந்து விலக்கி வைப்பது சில அங்குல மரப்பலகையே. செவிப்புலனற்றோர்க்கும் அவ்வாறே: அபாய மணியோடு மின்னி மின்னி எரியும் விளக்கொன்றும் இருந்தாற் போதும்.

இலங்கையில், வலுவிழந்தோரின் உரிமைகளைக் காக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிலையங்களுக்கு அனுமதிக்கையில் அவர்களுக்குப் பாரபட்சங் காட்டலாகாதென விதித்தது. 2006 இற் பொதுக் கட்டடங்களை அவர்கள் அணுகுவதற்கான ஒழுங்குவிதிகளும் வெளிவந்தன. சட்டம் பாடசாலையின் வாயிலைத் திறக்கும். ஆய்வுகூட மேசையருகே இடம் அளிக்க வேண்டியவர்கள் அதிபரும், ஆசிரியரும், கட்டடம் வரைவோரும் ஆவர். புதிய ஆய்வுகூடமொன்றுக்குத் திட்டம் வரையும்போதே ஒரு மேசையைத் தாழ்வாக அமைத்துவிடுதல் எளிது. கட்டி முடித்தபின் இடித்துத் திருத்துதல் அரிது.

மேசையைத் தாழ்த்துவதாற் கல்வியின் தரம் தாழ்ந்துவிடாது. சோதனையும் அதுவே, விடையும் அதுவே. அவ்விடையைத் தன் கையாற் பெறும் உரிமையே அம்மாணாக்கர் வேண்டி நிற்பது.