விரிசலைக் கண்டவர் எழுதட்டும்!



2013ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், வங்காள தேசத்தின் சாவார் நகரில், ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடத்தில் விரிசல் கண்டது. கீழிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேலிருந்த ஆடைத் தொழிற்சாலைகளோ மறுநாட் காலை தொழிலாளரை உள்ளே அழைத்தன. கட்டடம் சரிந்தது, 1,134 பேர் மாண்டனர். விரிசலைப் பலர் கண்டனர். கண்டவர் சொல்லுக்கு வலுவிருக்கவில்லை.

அதன்பின் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, பொறியியலாளர் தொழிற்சாலைகளைச் சோதித்த அறிக்கைகளும், திருத்தவேண்டிய குறைகளும் எவரும் படிக்குமாறு இணையத்தில் வெளியிடப்பட்டன. அலுமாரியிற் பூட்டிய ஏட்டுக்கும் இதற்குமுள்ள வேற்றுமையை எண்ணிப் பாருங்கள்.

இன்று இத்தகைய மென்பொருள்கள் கைத்தொலைபேசியிலும் இயங்குகின்றன. மூடியின்றிச் சுழலும் இயந்திரப் பட்டியைக் கண்டவர் உடனே படமெடுத்து அனுப்பலாம். கண்ட நேரம், திருத்தவேண்டியவர், தவணை யாவும் பதிவாகும்; தவணை தப்பினால் மேலதிகாரிக்கு அறிவித்தல் செல்லும். நமது அரிசி ஆலைகளுக்கும் கிருமிநாசினி தெளிக்கும் தோட்டங்களுக்கும் இது பொருந்தாதா?

ஆயினும், கருவி தானே காவலாகிவிடாது. தொழிலாளி அறியாத மொழியிற் படிவமிருந்தால் அது வெறும் அலங்காரமே. எழுதியவரை வேலைநீக்கஞ் செய்தால் மறுநாள் எவரும் எழுதார். ஆகவே நாம் கேட்பவை மூன்று: எமது பகுதிகளிற் படிவம் தமிழில் இருத்தல் வேண்டும், எழுதியவருக்குப் பாதுகாப்பு வேண்டும், பதிந்த குறைகளைத் தொழிலாளர் அனைவரும் பார்க்க வழி வேண்டும்.

1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் விபத்தை அறிவிக்கும்படி சொல்கிறது. விபத்துக்கு முந்திய விரிசலை அறிவிக்கும் உரிமையையே நாம் கேட்கிறோம்!