வளையத்துக்கு ஒரு துளி எண்ணெய்



டர்போ என்றாலே டீசல் வண்டி என்றிருந்த காலம் போய்விட்டது. 2014இல் டாடா செஸ்ட் வந்தது. 2019இல் மகிந்திரா எக்ஸ்யூவி 300, இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து ஹூண்டாய் வென்யூ என்று டர்போ பெட்ரோல் கார்கள் வரிசையாக வெளிவந்தன. அவற்றில் பல இன்று வாரண்டி முடிந்து, கம்பெனி சர்வீஸை விட்டு ஊர்ப் பட்டறைகளுக்கு வரத் தொடங்கிவிட்டன. அதனால்தான் இன்று மிகச் சிறிய ஒரு பொருளைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். இன்ஜெக்டரின் இரு முனைகளிலும் உட்கார்ந்திருக்கும் ரப்பர் வளையம். மெக்கானிக்குகள் ஓ-ரிங் என்பார்கள், சீல் என்றும் சொல்வார்கள்.

இன்ஜெக்டர் என்பது விரல் நீளமுள்ள ஒரு குழல். அதன் மேல்முனை, பெட்ரோல் வந்து நிற்கும் ரெயில் என்ற குழாயில் செருகியிருக்கும். கீழ்முனை, இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டில் இறங்கியிருக்கும். மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம். மேலே இருப்பது பெட்ரோலைக் காக்கிறது, கீழே இருப்பது காற்றைக் காக்கிறது.

மேல் வளையத்தின் பாடு எப்படிப்பட்டது என்று பாருங்கள். கார் டயருக்கு நாம் அடிக்கும் காற்று 32 பவுண்ட் அளவில் இருக்கும். ரெயிலில் பெட்ரோலின் அழுத்தம் பொதுவாக 3 பார், அதாவது 44 பவுண்ட் அளவு. டர்போ காற்றைத் திணிக்கும்போது, பல வண்டிகளில் ரெகுலேட்டர் பெட்ரோல் அழுத்தத்தையும் அதே அளவுக்கு ஏற்றிவிடும். டர்போ 1 பார் கொடுத்தால் ரெயிலில் 4 பார் ஆகிவிடும். அந்த நேரத்தில் வளையம் விட்டுக்கொடுத்தால் பெட்ரோல் சொட்டாது, பீய்ச்சும். டர்போவின் வழியாகப் போகும் புகையோ 900 டிகிரி செல்சியஸைத் தொடக்கூடியது. ஒரே பானட்டுக்குள் இரண்டும் இருக்கின்றன. இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

கீழ் வளையத்தின் கதை வேறு. டர்போ இல்லாத காரில் மேனிஃபோல்டுக்குள் எப்போதும் உறிஞ்சல்தான், வளையம் ஒரு பக்கத்து இழுப்பை மட்டும் தாங்கினால் போதும். டர்போ காரில் அப்படியில்லை. வண்டி ஐடிலில் நிற்கும்போது உள்ளே உறிஞ்சல் இருக்கும், ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் அதே இடத்தில் காற்று வெளியே தள்ளும். திருச்சி பைபாஸில் லாரியை முந்தும் ஒவ்வொரு முறையும் அந்த வளையத்தின் மேல் விசை திசை மாறுகிறது. அது கசிந்தால் ஐடிலில் கணக்கில் வராத காற்று உள்ளே நுழைந்து இன்ஜின் உதறும். வேகமெடுக்கும்போது டர்போ சேர்த்த காற்று வெளியே போய் பிக்கப் குறையும். செக் இன்ஜின் விளக்கும் எரியலாம். உடனே ஸ்பார்க் பிளக் மாற்றுவார்கள், காயில் மாற்றுவார்கள், கடைசியில் விலை உயர்ந்த இன்ஜெக்டரையே மாற்றுவார்கள். புது இன்ஜெக்டரோடு புது வளையமும் வருவதால் கோளாறு தீர்ந்துவிடும். குற்றம் மட்டும் இன்ஜெக்டர் தலையில் விழும். பாவம், வண்டிக்காரரின் பணம்.

இந்த வளையத்தை நமக்குத் தந்தவர் நீல்ஸ் கிறிஸ்டென்சன். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 1937இல், எழுபது வயதைக் கடந்த பிறகு இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். வளையத்தை அதன் பள்ளத்தில் வைத்து லேசாக நசுக்கினால், அந்த நசுங்கலே முதல் அடைப்பைத் தரும். அழுத்தம் ஏற ஏற வளையம் பள்ளத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு இன்னும் இறுக்கமாக அடைத்துக்கொள்ளும். எதிர்த்து வரும் விசையையே தனக்குத் துணையாக்கிக்கொள்ளும் இந்த அமைப்பைவிட எளிய, அழகான கண்டுபிடிப்பு இயந்திர உலகில் எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

ஆனால் இது வேலை செய்ய வளையம் கீறலில்லாமல் இருக்க வேண்டும், முறுக்கில்லாமல் படுத்திருக்க வேண்டும். எண்ணெய் தொடாமல் காய்ந்த வளையத்தைத் துளைக்குள் தள்ளினால் இந்த இரண்டுக்கும் ஆபத்து. காய்ந்த ரப்பர் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். ஒரு பக்கம் உள்ளே போக, மறுபக்கம் உருண்டு திருகிக்கொள்ளும். அல்லது துளையின் விளிம்பு வளையத்தில் பிறை வடிவில் ஒரு சீவல் எடுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. போல்ட் இறுகியிருக்கும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும். சில வாரம் கழித்துத்தான் வாடை வரும்.

ஆகவே பொருத்தும் முன் எண்ணெய் பூச வேண்டும். எந்த எண்ணெய் என்பதில்தான் பட்டறைகளில் தவறு நடக்கிறது. புதிய, சுத்தமான இன்ஜின் ஆயில் ஒரு துளி போதும். விரல் நுனியில் எடுத்து வளையத்தைச் சுற்றி மினுமினுப்பு தெரியும் அளவுக்குத் தடவினால் முடிந்தது. இன்ஜெக்டரின் நுனியில் படக் கூடாது. அடைப்பது வளையத்தின் வேலை. எண்ணெய் அதை உள்ளே வழுக்கிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு சரி. கூடுதலாகப் பூசினால் கூடுதலாக அடைக்கும் என்று நினைத்து வீல் பேரிங் கிரீஸை அப்புகிறவர்கள் உண்டு. அது தூசியைப் பிடிக்கும், நுனியை அடைக்கவும் கூடும். சோப்புத் தண்ணீர் துருவுக்கு வழி. சிலிகான் ஸ்ப்ரே பார்க்க நன்றாக வழுக்கும், ஆனால் அது எரியும்போது உண்டாகும் வெள்ளைப் படிவு, புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் மேல் படிந்து அதைக் கெடுத்துவிடும்.

இதே இடத்தில் பிரேக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உயிர் சம்பந்தப்பட்டது. இன்ஜெக்டர் வளையங்கள் நைட்ரைல் அல்லது ஃப்ளூரோ ரப்பர் வகை. பெட்ரோலோடு வாழப் பிறந்தவை, இன்ஜின் ஆயில் அவற்றை ஒன்றும் செய்யாது. நம் கார்களின் பிரேக் பாகங்களில் இருப்பதோ பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற வேறு ரப்பர். அதில் இன்ஜின் ஆயில் பட்டால் ஊதிப் பெருத்துக் கெட்டுவிடும். ஓரிடத்தில் காக்கும் எண்ணெய் இன்னோரிடத்தில் கெடுக்கிறது. என்ன ரப்பர் என்று தெரியாமல் எண்ணெயைத் தொடவே கூடாது என்பேன். கறுப்பு, பச்சை, பழுப்பு என்ற நிறத்தை வைத்தும் முடிவு செய்யக் கூடாது, நிறம் தயாரிப்பாளர் விருப்பம். வண்டியின் பார்ட் நம்பரைச் சொல்லி வாங்குவதுதான் வழி. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்துவரும் இந்நாளில் இது இன்னும் முக்கியம். பழைய வகை நைட்ரைல் எத்தனாலில் ஊறி உப்பக்கூடியது, ஃப்ளூரோ ரப்பர் அதைவிட நன்றாகத் தாங்கும்.

இதுவரை சொன்னது மேனிஃபோல்டில் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜின்களுக்கு. டாடா செஸ்ட் அந்த வகை. வென்யூவின் டர்போ இன்ஜினைப் போல நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகையில் இன்ஜெக்டரின் நுனியில் இருப்பது ரப்பர் வளையம் கிடையாது. வெள்ளையாக, மெல்லியதாக ஒரு டெஃப்லான் வளையம். சிலிண்டருக்குள் எரியும் வாயுவை நேருக்கு நேர் தடுத்து நிற்பது அதுதான். அதற்கு எண்ணெய் பூசக் கூடாது, காய்ந்தபடியேதான் பொருத்த வேண்டும். டெஃப்லான் தானே வழுக்கும் பொருள், அதில் பூசும் எண்ணெய் வெப்பத்தில் கருகிக் கரியாகும். கூம்புக் கருவியில் ஏற்றி விரித்து வளையத்தை மாட்ட வேண்டும். ரப்பரைப் போல உடனே சுருங்கிக்கொள்ளாது என்பதால், அடுத்து ஒரு உறைக் கருவியால் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அந்தக் கருவி இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். அதே இன்ஜெக்டரின் மேல்முனையில் ரப்பர் வளையம் இருந்தால் அதற்கு மட்டும் வழக்கம்போல ஒரு துளி எண்ணெய். ஒரே இன்ஜெக்டர், ஒரு முனைக்கு எண்ணெய், மறுமுனைக்கு ஆகாது.

டீசல் வண்டிகளில் அடியில் செப்பு வாஷர் இருக்கும். அதுவும் ஒவ்வொரு முறையும் புதிதாக, உட்காரும் இடத்தைக் கரியில்லாமல் துடைத்துப் போட வேண்டியது. டீசல் ரெயிலில் அழுத்தம் 1600 பாரையும் தாண்டும், நேரடிப் பெட்ரோலில் 200 பார் அளவுக்குப் போகும். ஓடும் இன்ஜினில் கசிவைக் கையால் தடவித் தேடவே தேடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பீற்று தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியது போல்தான் தெரியும், ஆனால் அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும் காயம் அது. பட்டறையில் வேலை பழகும் பையன்களுக்கு இதை யாராவது முதல் நாளே சொல்லித்தர வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் ஃபியூயல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்க வேண்டும். பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்ற வேண்டும். இன்ஜெக்டரைச் சுற்றியுள்ள மண்ணைக் காற்றடித்துப் போக்காமல் உருவினால் அத்தனையும் இன்ஜினுக்குள் விழும். பழைய வளையத்தை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பள்ளத்தில் கீறல் விழும், மரக்குச்சியோ பிளாஸ்டிக்கோ போதும். பழைய வளையம் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அதன் மேலேயே புது வளையத்தை இறக்கினால் இரண்டும் பாழ். மேனிஃபோல்டு வகையில் ரெயிலை இரு பக்கமும் சமமாக, நேராக அழுத்தி உட்கார வைத்தபின், ஒவ்வொரு இன்ஜெக்டரையும் விரலால் லேசாகத் திருப்பிப் பார்ப்பது நல்ல சோதனை. எண்ணெய் பூசிய வளையம் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் அது வழுவழுவென்று திரும்பும். திரும்ப மறுத்தால் வளையம் எங்கோ மாட்டியிருக்கிறது, கழற்றிப் பார்ப்பதே நல்லது.

வளையத்துக்குக் குளிரும் ஓர் எதிரி. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ஓ-ரிங்குகள் குளிரில் விறைத்துப்போனதே காரணம். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன், அந்த ரப்பரின் ஒரு துண்டை ஐஸ் தண்ணீரில் முக்கி, அது துள்ளி எழ மறுப்பதை எல்லோர் முன்னும் காட்டினார். அதுவும் நான் சொன்ன ஃப்ளூரோ ரப்பர் குடும்பம்தான். கொடைக்கானல் குளிரில் காலையில் பெட்ரோல் வாடை அடித்து, இன்ஜின் சூடானதும் மறைந்துவிடுகிறது என்றால், முதுமையில் விறைத்த வளையம்தான் என் முதல் சந்தேகம்.

எனவே வேலை முடிந்து வண்டியை வாங்கும்போது, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் செய்து நிறுத்தி, மீண்டும் ஆன் செய்து, மூன்று முறை பம்பை ஓடவிடச் சொல்லுங்கள். ரெயில் ஓரத்தில் ஈரம் இல்லையென்று டார்ச்சில் பார்த்த பிறகே இன்ஜினை இயக்கட்டும். மறுநாள் காலை, இன்ஜின் ஆறியிருக்கும்போது, பானட்டைத் திறந்து நீங்களே முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை துளி இருந்தாலும் வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள்.