தாயும் சேயும் சேர்ந்து தங்கும் மறுவாழ்வு இல்லங்கள்: அமெரிக்க அனுபவம்

போதைப் பழக்கத்திலிருந்து மீள நினைக்கும் கர்ப்பிணிக்கு மற்ற நோயாளிகளுக்கு இல்லாத ஓர் இக்கட்டு உண்டு. சிகிச்சைக்கு வந்தால் பழக்கம் வெளியே தெரியும். தெரிந்தால் குழந்தையை அரசு எடுத்துக்கொள்ளக்கூடும். அமெரிக்காவில் தாயும் சேயும் சேர்ந்து தங்கும் மறுவாழ்வு இல்லங்கள் இந்த இக்கட்டுக்கு விடையாக எழுந்தவை. எந்த மருந்து கொடுப்பது என்பதைவிட, பிள்ளை யாரிடம் இருக்கும் என்பதே அங்கே ஒரு பெண் வாசற்படி ஏறுவாளா மாட்டாளா என்பதைத் தீர்மானித்து வந்திருக்கிறது.

கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் கூட்டரசு 1935இல் திறந்த போதை மருத்துவமனை முதலில் ஆண்களுக்கானது. பெண்கள் சேர்க்கப்பட்டது 1941இல்தான். பிற்காலத்து மறுவாழ்வுக் குடில்களும் ஆண்களை மனத்தில் வைத்தே அமைந்தன. எல்லோர் முன்னிலையிலும் ஒருவரை நிறுத்திக் கடிந்துபேசுவது அவற்றில் பலவற்றின் வழக்கம். வீட்டில் அடிபட்டு வந்தவளுக்கு அது சிகிச்சையாகுமா என்று அன்று பெரிதாக யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளை எங்கே விட்டுவருவது என்பதற்கும் அங்கே பதில் இல்லை.

மருத்துவம் இதற்குள் வேறொரு பக்கத்திலிருந்து தாயையும் சேயையும் நெருங்கிவந்தது. ஹெராயின் போன்ற அபின்வகைப் பொருள்களுக்கு அடிமையான கர்ப்பிணி அவற்றைத் திடீரென நிறுத்துவது நல்லதல்ல; பழைய பழக்கத்துக்கே திரும்பும் அபாயம் அதில் மிகுதி. அதனால் மாற்று மருந்தாக மெதடோன் அல்லது பியூப்ரினார்பின் அளந்து கொடுக்கப்படுகிறது. 2010இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், பியூப்ரினார்பின் பெற்ற தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 10 நாள் மருத்துவமனையில் இருந்தன. மெதடோன் பெற்றவர்களின் குழந்தைகளுக்கு 17.5 நாள் ஆனது.

கருவில் பழகிய பொருள் பிறந்ததும் நின்றுபோவதால் குழந்தைக்கு வரும் நடுக்கம், ஓயாத அழுகை, வயிற்றுப்போக்கு முதலியவற்றை மதிப்பெண் போட்டு அளக்கும் முறையை ஃபிலடெல்ஃபியா மருத்துவர் லொரெட்டா ஃபினெகன் 1975இல் வகுத்தார். பல பத்தாண்டுகள் அதுவே அளவுகோல். பின்னர் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் கேள்வியை எளிதாக்கினார்கள்: குழந்தை பால் குடிக்கிறதா, ஒரு மணி நேரமாவது உறங்குகிறதா, 10 நிமிடத்துக்குள் அழுகை அடங்குகிறதா? இருட்டிய அறை, தாயின் மடி, தாய்ப்பால் ஆகியவை முதல் மருந்து. மார்ஃபின் அதற்குப் பிறகே. 26 மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், வீட்டுக்கு அனுப்பத் தகுதியாகும் காலம் 14.9 நாளிலிருந்து 8.2 நாளாகக் குறைந்தது. இந்த முறைக்குத் தாய் அருகில் இருந்தாக வேண்டும்.

சட்டமோ வெகுகாலம் எதிர்த்திசையில் நடந்தது. 1980களின் இறுதியில் கிராக் கொக்கேய்ன் பற்றிய பீதி எழுந்தபோது, தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டன் நகரில் பொது மருத்துவமனை ஒன்று கர்ப்பிணிகளின் சிறுநீரை அவர்கள் இசைவின்றிச் சோதித்து, முடிவைக் காவல்துறையிடம் கொடுத்தது. அது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2001இல். சட்டத்தின் கை எல்லோர்மீதும் ஒன்றுபோல் விழவும் இல்லை. ஃப்ளோரிடாவின் பினெல்லஸ் மாவட்டத்தில் நடந்து 1990இல் வெளியான ஆய்வில், வெள்ளையினக் கர்ப்பிணிகளிடமும் கறுப்பினக் கர்ப்பிணிகளிடமும் போதைப்பொருள் பயன்பாடு ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. ஆனால் அதிகாரிகளுக்குப் புகார் போனதோ கறுப்பினப் பெண்கள்மீது சுமார் 10 மடங்கு அதிகம். தண்டனைக்கு அஞ்சுகிறவள் மறுவாழ்வு இல்லத்தை மட்டுமல்ல, பிரசவ மருத்துவரையும் தவிர்க்கிறாள்.

1993ஆம் ஆண்டின் கூட்டரசு விதிகள் கர்ப்பிணிக்குப் போதைச் சிகிச்சைச் சேர்க்கையில் முன்னுரிமை தந்தன. இடமில்லாவிட்டால் 48 மணி நேரத்துக்குள் இடைக்கால உதவியாவது கிடைக்க வேண்டும். ஆயினும் பணமும் காலக்கெடுவும் குறுக்கே நின்றன. 16க்கு மேல் படுக்கையுள்ள இத்தகைய இல்லங்களில் தங்கும் வயதுவந்தோருக்கு ஏழைகளின் காப்பீடான மெடிக்கெய்ட் பொதுவாகப் பணம் தருவதில்லை. வளர்ப்புக் குடும்பத்தில் கடைசி 22 மாதங்களில் 15 மாதம் இருந்துவிட்ட குழந்தையின் பெற்றோர் உரிமையை ரத்துசெய்ய மாநிலம் வழக்குத் தொடர வேண்டும் என்கிறது 1997ஆம் ஆண்டுச் சட்டம், விதிவிலக்குகள் சிலவே. தாய் தனியாகச் சிகிச்சையில் இருக்கும் மாதங்களும் இந்தக் கணக்கில் ஓடுகின்றன. 2018ஆம் ஆண்டுச் சட்டம்தான் பணத்தைத் திசைதிருப்பியது: வளர்ப்புக் குடும்பத்துக்குப் போகும் கூட்டரசு உதவித்தொகையை, தாயோடு மறுவாழ்வு இல்லத்தில் தங்கும் குழந்தைக்காகவும் 12 மாதம்வரை செலவிடலாம்.

நல்ல இல்லங்களில் காலையில் மருந்து, பகலில் ஆலோசனையும் குழுக்கூட்டமும், இடையே கர்ப்பகாலப் பரிசோதனை, குழந்தை மருத்துவம், மூத்த பிள்ளைகளுக்குப் பள்ளி என்று நாள் போகிறது. குழந்தை ஏன் அழுகிறது என்று புரிந்துகொள்ளக் கற்பதும் சிகிச்சையின் பகுதிதான். பிரசவத்தோடு அபாயம் நீங்கிவிடுவதில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத் தரவுகளின்படி, அளவுமீறிய போதையால் வரும் ஆபத்து கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் மிகக் குறைவு. பிரசவித்த 7 முதல் 12 மாதங்களில்தான் மிக அதிகம். உறக்கமின்மை, மனச்சோர்வு, மருந்தை நிறுத்திவிடுவது எல்லாம் சேர்ந்து வரும் காலம் அது. ஒரு மாதத்தில் அனுப்பிவிடும் சிகிச்சை அந்தக் காலத்தை எட்டுவதே இல்லை. இல்லத்தில் இடம் கிடைக்காதவர்களும் வர இயலாதவர்களும் பலர். அவர்களுக்காக, இத்தகைய இல்லங்களுக்கான கூட்டரசு நிதியின் ஒரு பகுதியை வீட்டிலிருந்தபடி வந்துபோகும் சிகிச்சைக்கும் மாநிலங்கள் பயன்படுத்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது.