பார்ஸிலோனாவும் சந்திரகிரியும்

(வடமாலபேட்டையில் நடந்த நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘வெளிநாட்டுப் பயண அனுபவம்’ என்று காரியதரிசி எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார். அரை மணிக்கு மேல் போனால் டிபன் ஆறிவிடும் என்று எச்சரிக்கையும் கொடுத்திருக்கிறார். இப்படிப்பட்ட பேச்சுகளில் விமானத்தில் சைவச் சாப்பாடு கிடைக்காமல் பட்ட பாடு பாதி நேரத்தை எடுத்துக்கொள்ளும். அதை நான் இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். என் பெண்ணும் மாப்பிள்ளையும் ஸ்பெயின் தேசத்தில் பார்ஸிலோனா நகரத்தில் இருக்கிறார்கள். 2023 மே மாதம் நானும் என் மனைவியும் போய் ஐந்து வாரம் தங்கினோம். ராவல் என்ற பேட்டையில் பாகிஸ்தான்காரர்களின் மளிகைக் கடைகள் இருக்கின்றன. துவரம் பருப்பு, புளி, பெருங்காயம் எல்லாம் கிடைத்தன. ஆகவே ரசத்துக்குக் குறைவில்லை.

நான் இன்று இரண்டு ஊர்களைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒன்று அந்த பார்ஸிலோனா. மற்றது இங்கிருந்து முப்பது முப்பத்தைந்து கிலோமீட்டரில் இருக்கும் சந்திரகிரி. நடுவில் பெயர் சொல்ல விரும்பாத ஒரு சின்ன ஊரும் வரும்.

பார்ஸிலோனா மத்தியதரைக் கடல் ஓரத்துப் பட்டணம். பழைய பகுதியில் ரோமானியர் காலத்து மதில் துண்டுகள் இன்னும் நிற்கின்றன. சந்துகள் நம் காளஹஸ்தி கோவில் வீதிகளைவிடக் குறுகல். அதைத் தாண்டினால் கட்டம் போட்ட காகிதம் போல ஒரு புதுப் பட்டணம். 1859-ல் இல்தெஃபோன்ஸ் சேர்தா என்ற பொறியாளர் போட்ட திட்டம் அது. ஒவ்வொரு கட்டமும் சுமார் 113 மீட்டர் சதுரம். நாற்சந்திகளில் வண்டி திரும்பவும் வெளிச்சம் வரவும் கட்டடங்களின் முனைகளைச் சரிவாக வெட்டிவிட்டிருக்கிறார். வேலையில் இருந்த காலத்தில் லே-அவுட் வரைபடங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனவன் நான். இதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் முனையிலேயே நின்றுவிட்டேன். “மாதா கோவில் பார்க்க வந்தோமா, தெருமுனை பார்க்க வந்தோமா?” என்றாள் என் மனைவி.

அந்த மாதா கோவிலின் பெயர் சாக்ரதா ஃபமிலியா. திருக்குடும்பம் என்று அர்த்தம். 1882-ல் அஸ்திவாரம் போட்டார்கள். அடுத்த வருஷம் அந்தோனி கௌதி என்ற கட்டடக் கலைஞர் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு முப்பத்தொரு வயது. 1926-ல் ஒரு டிராம் வண்டி மோதி, எழுபத்து மூன்றாம் வயதில் இறந்துபோகும் வரை அதே வேலைதான். கடைசி வருஷங்களில் உடுப்பைப் பற்றிக்கூடக் கவலைப்படவில்லை. அடிபட்டுக் கிடந்தவரை யாரோ பிச்சைக்காரர் என்று நினைத்துவிட்டார்களாம். பத்து வருஷம் கழித்து 1936-ல் உள்நாட்டுக் கலகத்தில் அவருடைய வரைபடங்களைக் கொளுத்திவிட்டார்கள், சுண்ணச் சாந்து மாதிரிகளை உடைத்துவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் உடைந்த துண்டுகளைப் பொறுக்கி ஒட்டவைத்து, அவர் மனதில் என்ன இருந்தது என்று கண்டுபிடித்துக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். நடுக் கோபுரத்துக்கு 172.5 மீட்டர் என்று உயரம் வைத்தார் கௌதி. பக்கத்திலிருக்கும் மொன்ஜுயிக் குன்று பகவான் செய்தது, மனிதன் கட்டியது அதைவிட ஒரு படி தாழ்ந்திருக்கட்டும் என்பது அவர் கணக்கு.

உள்ளே போனால் தூண்கள் மரங்களைப் போல மேலே கிளை பிரிகின்றன. காலையில் கிழக்குப் பக்கக் கண்ணாடிகள் வழியாக நீலமும் பச்சையும், சாயங்காலம் மேற்கிலிருந்து சிவப்பும் ஆரஞ்சும் தரையில் விழுகின்றன. மூத்த குடிமக்கள் சலுகை போகவும் அப்போது ஆளுக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய் டிக்கெட்டாக இருந்தது. ஆனால் காதில் மாட்டிக்கொள்ளும் ஆடியோ கைடு உண்டு. ஒரு விஷயம் அதில் சொல்லவில்லை, மாப்பிள்ளை சொன்னார். இந்தக் கட்டடத்துக்கு முறையான கட்டட அனுமதி கிடைத்தது 2019-ல்தான், அதாவது 137 வருஷம் கழித்து. அதற்கு முந்தின வருஷம் நகராட்சிக்குப் பத்து வருஷத்தில் 3 கோடியே 60 லட்சம் யூரோ செலுத்துவதாக ஒப்புக்கொண்டார்கள். நம் ஊர் முனிசிபல் ஆபீசில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

இப்போது கொஞ்சம் பௌதிகம். பயப்படவேண்டாம், பரீட்சை கிடையாது.

இதோ என் கையிலிருப்பது என் மனைவியின் சங்கிலி. மிகவும் கெஞ்சி, இந்தப் பேச்சு முடியும் வரைக்கும் என்று வாங்கி வந்திருக்கிறேன். இரண்டு முனையையும் பிடித்துத் தொங்கவிடுகிறேன். ஒரு வளைவு வருகிறது அல்லவா? கொல்லையில் துணி உலர்த்தும் கொடியும் இப்படித்தான் தொய்யும். சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் பக்கத்துக் கண்ணியை இழுக்கிறது. அங்கே இழுவிசை தவிர வேறொன்றும் இல்லை. இந்த வளைவை அப்படியே தலைகீழாகத் திருப்பிக் கல்லாலோ செங்கல்லாலோ கட்டினால் இழுவிசையெல்லாம் அழுத்தமாக மாறிவிடும். செங்கல்லும் சுண்ணாம்பும் இழுத்தால் பிய்ந்துவிடும், அழுத்தினால் தாங்கும். ஆகவே இரும்பும் வேண்டாம், மர உத்தரமும் வேண்டாம், கட்டடம் நிற்கும். இதை 1675-லேயே இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் சொல்லிவிட்டார். ஸ்பிரிங் பற்றிய விதிக்காக நாமெல்லாம் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, அதே ஹூக்.

கௌதி என்ன செய்தார் தெரியுமோ? இன்னொரு கோவிலுக்காகக் கூரையிலிருந்து கயிறுகளைத் தொங்கவிட்டு, அவற்றில் ஈயக் குண்டுகள் நிரப்பிய சின்னச் சின்னப் பைகளைக் கட்டினார். பாரத்துக்குத் தக்கபடி கயிறுகள் தாமாகவே வளைந்து நின்றன. அதைப் போட்டோ எடுத்துத் தலைகீழாகப் பார்த்தால் கோவிலின் வடிவம்! கணக்கைக் கயிறே போட்டுவிட்டது. அந்த மாதிரியைத் திரும்பச் செய்து சாக்ரதா ஃபமிலியாவின் கீழ்த்தளத்தில் உள்ள மியூசியத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். பி.எஸ்ஸி. படித்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இவ்வளவு சுலபமாக எனக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுத்ததில்லை.

மறுநாள் காசா மிலா என்ற வீட்டுக்குப் போனோம். 1906-லிருந்து 1912 வரை கௌதி கட்டிய அடுக்குமாடி. அதன் உச்சியில் ஒரு நீண்ட பரண். 270 செங்கல் வளைவுகள் வரிசையாக, மீனின் முள்ளெலும்பு போல. எல்லாம் தலைகீழ்ச் சங்கிலி வளைவுகள். அந்தக் காலத்தில் குடித்தனக்காரர்கள் துணி துவைத்து உலர்த்தின இடம் அது. நல்ல வெயில் நாள், ஆனால் உள்ளே இதமாக இருந்தது. நான் செங்கல்லின் மேல் கை வைத்தேன். வைத்த கையை எடுக்க முடியவில்லை.

ஏன் என்று சொல்லத்தான் இங்கே வந்தேன்.

1987. ஒரு ஊரில் சாலை அகலப்படுத்தும் வேலை. நான் அப்போது அதிகாரி. எந்த ஊர், எந்தத் துறை என்பது வேண்டாம். சாலை ஓரத்தில் யாத்ரிகர்களுக்காக எப்போதோ கட்டின ஒரு சத்திரம். இரண்டு அறை, முன்னால் ஒரு திண்ணை. கூரை செங்கல் வளைவு, ஒரு குச்சி மரம் கிடையாது. ‘சிதிலமடைந்தது, ஆபத்தானது, இடிக்கலாம்’ என்று ஃபைல் வந்தது. நான் ஜீப்பிலிருந்து இறங்கி வெளியே நின்று பார்த்தேன். வெளிப்பூச்சு உதிர்ந்திருந்தது, அரச மரம் ஒன்று முளைத்திருந்தது. உள்ளே போகவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

ஒரே நாளில் முடிந்துவிடும் என்றார்கள். கடப்பாரை போட்டால் இறங்கவில்லை. நாலு நாள் ஆயிற்று. மேஸ்திரி வயசானவர், தெலுங்கில் என்னிடம் சொன்னார்: “சார், இது விழுகிற கட்டடம் இல்லை. இதைத் தள்ள வந்த நாங்கள்தான் ஒவ்வொருத்தராக உட்கார்ந்துகொண்டிருக்கிறோம்.” எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பிறகு சில வருஷத்தில் புறவழிச் சாலை வேறு பக்கமாகப் போய்விட்டது. சத்திரம் இருந்த இடம் அகலமும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை. ஒரு டீக்கடை இருக்கிறது.

விதி மீறல் எதுவும் இல்லை. ஆடிட்டில் ஒரு ஆட்சேபணை வரவில்லை. முப்பத்தாறு வருஷம் அதைப் பற்றி நான் நினைத்ததும் இல்லை. அந்தப் பரணில் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, இரும்பும் மரமும் இல்லாமல் செங்கல் நிற்பதை அதிசயமாகக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், நான் இடித்தது என்ன என்று புரிந்தது. மனைவி “மூச்சு வாங்குகிறதா?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஊர் திரும்பியதும் சந்திரகிரிக்குப் போகவேண்டும் என்று தோன்றியது. திருப்பதியில் படித்தவன், சித்தூர் ரோட்டில் ஆயிரம் தடவை அந்தக் கோட்டையைக் கடந்து போனவன், உள்ளே நுழைந்து நிதானமாகப் பார்த்ததில்லை. முதல் தடவை போனது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை மியூசியத்துக்கு விடுமுறை! கோட்டையைச் சுற்றிவிட்டு வந்தோம். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனோம்.

சரித்திரம் உங்களுக்குத் தெரியும்; சுருக்கமாகச் சொல்கிறேன். 1565-ல் தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு ஹம்பி அழிந்தது. ராஜதானி பெனுகொண்டாவுக்குப் போய், அங்கிருந்து 1592 வாக்கில் சந்திரகிரிக்கு வந்தது. இரண்டாம் வேங்கடபதி ராயர் காலம். 1598-ல் ஏசு சபைப் பாதிரிகள் அவரைப் பார்க்க இங்கே வந்தார்கள். மத்தியதரைக் கடல் பக்கத்து மனிதர்கள் நானூறு வருஷத்துக்கு முன்பே நம் ஊருக்கு வந்துவிட்டார்கள், நான்தான் தாமதம். 1639-ல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் மதராஸில் ஆங்கிலேயருக்கு இடம் கொடுத்தபோதும் அவருக்கு மேலே இருந்தவர் விஜயநகர ராயர்தான். அந்தச் சாசனம் இந்த ராஜ மஹாலில் உறுதியானது என்று இங்கே சொல்வார்கள்.

ராஜ மஹால் மூன்று அடுக்கு. முகப்பில் சுல்தான்கள் பாணியில் கூர்மையான வளைவுகள், தலைக்கு மேலே நம் கோவில் விமானம் போன்ற சிகரங்கள். நடுவே உயரமான தர்பார் மண்டபம். பின்னணியில் பாறைக் குன்று. முன்னால் புல்வெளி. இவையெல்லாம் எல்லோரும் படம் எடுத்துக்கொள்பவை. நான் பார்த்தது தலைக்கு மேலே. கல், செங்கல், சுண்ணாம்புக் காரை, இவ்வளவுதான். கட்டுமானத்தில் மரம் கிடையாது. ஒவ்வொரு தளமும் கீழேயுள்ள வளைவின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நம் தாத்தாக்கள் வீட்டு மெட்ராஸ் டெரஸுக்குக்கூடத் தேக்கு உத்தரம் வேண்டும்; கரையான் வந்தால் கதை முடிந்தது. இங்கே கரையானுக்கு ஆகாரமே இல்லை. கௌதி மாதிரி கயிறு கட்டிப் பார்த்தார்களா என்று கேட்காதீர்கள். இங்குள்ள வளைவுகள் எல்லாம் சங்கிலி வளைவும் அல்ல. சுவரின் கனத்தாலும் கைப்பழக்கத்தாலும் பாரத்தை அழுத்தமாகவே தரைக்கு இறக்கிவிட்டார்கள். பாடம் ஒன்றுதான்.

சுண்ணாம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் கரியமில வாயு வெளியேறுகிறது. நீர்த்த சுண்ணாம்பைக் காரையாகப் பூசினால், அதே வாயுவைக் காற்றிலிருந்து மெதுவாகத் திரும்ப இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. மணலும் சேர்த்துச் செக்கில் அரைத்ததைத் தெலுங்கில் கானுக சுன்னம் என்பார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பார்கள். வருஷம் ஆக ஆகத்தான் அதற்குப் பலம். அந்த மேஸ்திரியின் கடப்பாரை ஏன் இறங்கவில்லை என்பதற்கு இதுதான் விடை. பி.எஸ்ஸி. முதல் வருஷக் கெமிஸ்ட்ரி. கையெழுத்துப் போடும்போது நினைவுக்கு வரவில்லை.

உங்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது. புத்தூர், நாராயணவனம், நகரி பக்கங்களில் உங்களில் சிலருக்குப் பூர்வீக வீடுகள் இருக்கின்றன. அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரிக்க வேண்டும், அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்கு வேண்டாம், பில்டர் கேட்கிறார், எல்லாம் எனக்குத் தெரியும். இடிக்காதே என்று சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. இடிப்பதற்கு முன் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். வந்து கூரையைப் பார்க்கிறேன், அளவெடுக்கிறேன், போட்டோ எடுத்துக்கொள்கிறேன். பூச்சு உதிர்வது வேறு, கட்டடம் விழுவது வேறு. எது எது என்று ஒரு நல்ல கட்டடப் பொறியாளரைக் கூட்டி வந்து காட்டவும் தயார். இப்போதெல்லாம் நான் உள்ளே போய்ப் பார்க்கிறேன்.

தை மாதத்தில் சங்கத்தின் சார்பில் சந்திரகிரிக்கு ஒரு நாள் போய்வரலாம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையாக வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை வேண்டாம், காரணம் சொல்லிவிட்டேன். படி ஏற முடியாத மாமிகள் கீழ்த்தளத்து மியூசியத்தைப் பார்த்துவிட்டுப் புல்வெளியில் உட்காரலாம். புளியோதரையும் தயிர் சாதமும் எங்கள் வீட்டுப் பொறுப்பு. பெயர்களைக் காரியதரிசியிடம் கொடுத்துவிடுங்கள். டிபனுக்கு முன் இந்தச் சங்கிலியை உரியவரிடம் சேர்க்கவேண்டும், அவள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.