ஊர்ச் சாலையும் உள்ளாட்சி நிதியும்

(சங்க வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மேடையில் சாலையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். ஐப்பசி மழையில் முழங்கால் அளவுச் சேற்றைக் கடந்து நம் பெண் பிள்ளைகள் பள்ளி செல்வதை ஒரு முறையேனும் கண்டவர் அவ்வாறு கேட்கமாட்டார். பாடநூலைத் தலைமேல் வைத்துக்கொண்டு நடக்கும் பிள்ளைக்குச் சாலையும் கல்வியைச் சேர்ந்ததே.

நம் முன்னோர் சாலையைப் பற்றிக் கேட்ட முதற் கேள்வி, அதில் நடக்கும் உரிமை உண்டா என்பதாகும். 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொதுச் சாலை, தெரு, கிணறு ஆகியவற்றை எவரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அரசும் அதனை ஏற்று ஆணை பிறப்பித்தது. ஆணை வந்த பின்னரும் பல ஊர்களில் செருப்பைக் கையில் ஏந்தி நடந்த கதையை நம் பாட்டனார் வாயிலாக நாம் கேட்டிருக்கிறோம். நடக்கும் உரிமை கிடைத்த பின்னர் எழுந்ததே இரண்டாவது கேள்வி: நடக்கும் அச்சாலையைச் செப்பனிடும் பொறுப்பு யாருடையது? இன்று நாம் பேச வந்தது இதனைப் பற்றியே.

இது புதிய சச்சரவன்று. 1871ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டம், நிலவரியோடு சாலைக்கென ஒரு தீர்வையையும் விதித்தது. 1884ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் அமைந்தன. நிலம் உடையவர் தீர்வை செலுத்தினர். சாலையும் பெரும்பாலும் அவர்கள் வீட்டு வாயிலுக்கே சென்றது. நிலமற்ற நம்மவர் தீர்வை செலுத்தவில்லை என்பது உண்மை. ஆனால் கல் உடைத்தவர் யார்? 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில், நிவாரண வேலை என்ற பெயரில் கப்பி உடைத்துச் சாலை போட்டவருள் நம்மவர் எத்தனை பேர்! சர் ரிச்சர்டு டெம்பிள் குறைத்து வகுத்த கூலி, ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவுமே. இக்கணக்கு எந்த போர்டின் வரவேட்டிலும் ஏறவில்லை.

அந்நாளில் ஸ்தல ஸ்தாபனங்களுக்குச் சுங்கச்சாவடி வருமானமும் இருந்தது. மாட்டுவண்டி ஒவ்வொன்றும் சாவடியில் நின்று காசு கட்டிச் சென்றது. மோட்டார் வண்டிகள் பெருகவே, 1931ஆம் ஆண்டின் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் அச்சுங்கத்தை ஒழித்தது. வரியை மாகாண அரசே வசூலித்து, இழந்த வருமானத்திற்கு ஈடாக ஒரு தொகையை ஸ்தல ஸ்தாபனங்களுக்கு வழங்குவது என்று முடிவாயிற்று. வண்டி ஓட்டுவோர் மகிழ்ந்தனர். ஆனால், சாலையைத் தேய்க்கும் வண்டியின் வரி ஓரிடத்திற்கும், தேய்ந்த சாலையைச் செப்பனிடும் கடமை வேறோரிடத்திற்கும் உரியதாகும் முறை அன்றே வேரூன்றிவிட்டது. இங்கிலாந்திலும் இது நடந்ததுண்டு. வாகன வரியைச் சாலைக்கென்றே ஒதுக்கி 1920இல் அமைத்த சாலை நிதியில், சில ஆண்டுகளுக்குள் நிதியமைச்சர் சர்ச்சில் கைவைத்துப் பொதுச் செலவுக்கு எடுத்துக்கொண்டார். சாலைக்கென்று சேரும் பணம் எந்த நாட்டிலும் பிறர் கண்ணை உறுத்தவே செய்கிறது போலும்.

1934இல் தாலுகா போர்டுகள் மறைந்தன. 1946இல் சென்னை மாகாணத்தில் நெடுஞ்சாலைக்கெனத் தனித் துறை தோன்றியது. 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்தின் வழி ஊராட்சி ஒன்றியங்கள் பிறக்க, ஜில்லா போர்டுகள் விடைபெற்றன. பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறைக்குச் சென்றன; சிறு சாலைகள் ஒன்றியங்களுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் வந்தன. சாலைகள் வந்த அளவுக்குப் பணம் வரவில்லை.

இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தை நோக்குவோம். 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவிலும், பின்னர் இராமநாதபுரத்திலும், 1985 முதல் இன்று விருதுநகர் மாவட்டம் என வழங்கும் பகுதியிலும் இருந்துவரும் மண் இது. சென்னை மாகாண முதலமைச்சராக 1949 முதல் 1952 வரை விளங்கிய குமாரசாமி ராஜா இராசபாளையத்தவர். திருமங்கலத்திலிருந்து இவ்விரு ஊர்களின் வழியே தென்காசி சென்று கொல்லத்தை அடையும் சாலை, தேசிய நெடுஞ்சாலை 744 ஆகும். முன்னர் அதன் எண் 208. அதற்கு மத்திய அரசின் பணம். அதிலிருந்து பிரியும் மாவட்டச் சாலைகளுக்கு மாநில நெடுஞ்சாலைத் துறை. ஊருக்குள் நகராட்சி. ஊர் எல்லையைக் கடந்தால் ஊராட்சி ஒன்றியம். நூற்பாலைக்குப் பஞ்சுப் பொதியும், சத்திரப்பட்டியிலிருந்து மருத்துவத் துணிப் பொதியும் ஏற்றிச் செல்லும் லாரி இந்நால்வர் சாலையையும் ஒரே நாளில் மிதித்துச் செல்கிறது. அது செலுத்தும் வாகன வரியோ மாநிலக் கருவூலத்தைச் சேர்கிறது.

இராசபாளையத்தில் தாமிரபரணிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்காகவும் பாதாளச் சாக்கடைக்காகவும் சாலைகளைத் தோண்டிய காலத்தை யார் மறக்க முடியும்? குடிநீர் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. குழாய் பதிப்பவர் ஒரு துறை, சாலைக்கு உரியவர் மற்றொரு துறை, ஏச்சு வாங்குபவர் நகராட்சி என்றாகும்போது, மூடிய பள்ளத்தின்மேல் தார் போடுபவர் யார் என்பது தீராத வழக்காகிவிடுகிறது. தோண்டுவதற்கு முன்னரே சீரமைப்புத் தொகையைச் சாலைக்குரியவரிடம் கட்டவேண்டும் என்பது வழக்கிலுள்ள முறை. கட்டிய தொகை அச்சாலைக்கே செலவாயிற்றா என்று கேட்பவர் மிகச் சிலரே.

நம் குடியிருப்பு ஒன்றின் வரலாற்றையும் கூறிவிடுகிறோம். பெரிய சாலையில் தொடங்கி நம் தெருக்களைக் கடந்து மயானம் வரை செல்லும் பாதை அது. அதன் பொருட்டு நாம் மனு எடுத்துச் சென்றபோது, ஓர் அலுவலகத்தில் அப்பாதை தம் பதிவேட்டில் இல்லை என்றனர். அடுத்த அலுவலகத்தில், பதிவேட்டில் உண்டு, நிதிதான் இல்லை என்றனர். மூன்றாவது இடத்தில், குழாய் பதித்தவரைக் கேளுங்கள் என்று அனுப்பிவைத்தனர். இதற்கிடையே ஒரு மழைக்காலம் கழிந்தது. வயது முதிர்ந்த தாயார் ஒருவரின் சடலத்தைத் தோள்மாற்றித் தூக்கிச் சென்றவர்கள், சேற்றில் இருமுறை பாடையை இறக்கிவைக்க நேர்ந்தது. பெரிய சாலையிலிருந்து வந்த தார், நம் முதல் வீட்டிற்கு முன்பாகவே நின்றுவிட்டிருந்தது. எல்லைக்கல் எங்கே என்று சர்வேயர் தேடலாம். நாம் அதனைத் தாரிலேயே கண்டோம்.

நிதி இல்லை என்ற விடை முழுப் பொய்யன்று. இதனை நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். 1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள் சாலைகளையும் பாலங்களையும் உள்ளாட்சிக்குரிய பொருள்களாகப் பட்டியலிட்டன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாநில நிதிக்குழு அமைக்கவும் பணித்தன. அதன் பரிந்துரைப்படி மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் ஒரு பங்கு உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. அண்மைக் காலங்களில் அது 10 விழுக்காடு. சிறு பஞ்சாயத்தில் இப்பங்கு தெருவிளக்கு மின்கட்டணத்திற்கும் குடிநீர்ச் செலவிற்கும் பணியாளர் ஊதியத்திற்கும் போனபின், சாலைக்கு எஞ்சுவது சொற்பமே. புதிய சாலைக்குத் திட்டங்கள் உண்டு, திறப்பு விழாவும் உண்டு. பழைய சாலையின் குழியை அடைப்பதற்கு விழா எடுப்பார் இல்லை. ஆகவே பணம் ஒதுக்குவாரும் குறைவு.

தேர்தல் நடவாமையால் நேர்ந்த இழப்பையும் இளைஞர்கள் அறிய வேண்டும். 2016 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கையை உயர் நீதிமன்றம் இரத்து செய்தபின், நம் மாவட்ட ஊராட்சிகளில் 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. நகராட்சிகளுக்கோ 2022 பிப்ரவரி வரை காத்திருக்க நேர்ந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காரணத்தால் மத்திய நிதிக்குழுவின் மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது. தனி அலுவலர் கையொப்பமிட்டார். நம் தெருவின் பெயரைச் சொல்ல மன்றத்தில் ஓர் உறுப்பினர் இல்லை. இடஒதுக்கீட்டால் நம்மவர் அமர வேண்டிய நாற்காலிகளும் அவற்றுள் அடங்கும். 2025 சனவரி 5ஆம் நாள் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபோது, மீண்டும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றனர்.

சிறப்பு உட்கூறுத் திட்டம் 1979-80இல் தொடங்கியது முதல், நம் மக்கள்தொகை விகிதத்திற்கேற்ப நிதி ஒதுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. பொதுச் சாலை ஒன்றைப் போட்டுவிட்டு, நம்மவரும் அதில் நடப்பர் எனக் கூறி அந்நிதியில் பங்கு எழுதும் கணக்கை நாம் ஏற்பதற்கில்லை. அத்தகைய கணக்கு எழுதப்பட்டதா என்பதை 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்டறியலாம்.

சங்கத்தின் மாலைப் பள்ளியில் கணிதம் பயிலும் மாணவர்கள் சென்ற மாதம் அம்மயானப் பாதையை நாடாப் பிடித்து அளந்தனர். எத்தனை மீட்டர் நகராட்சிக்குள், எத்தனை மீட்டர் ஒன்றியத்திற்குள், குழாய் தோண்டிய பகுதி எவ்வளவு என்று படம் வரைந்து வைத்துள்ளனர். கையெழுத்து அழகாக இல்லை. அளவு சரியாக இருக்கிறது. பதிவேட்டின் நகலையும், சீரமைப்புத் தொகை யாரிடம் கட்டப்பட்டது என்ற விவரத்தையும் கேட்டு மூன்று அலுவலகங்களுக்கும் ஒரே நாளில் மனு அனுப்பியாயிற்று. வருகின்ற திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் அப்படத்தை நேரில் கொடுக்க இருக்கிறோம். விருதுநகர் செல்லும் முதற் பேருந்தில் வர விரும்பும் இளைஞர்கள், கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.