"எடையில் மாற்றமில்லை" என்று எழுதினேன்

போன வாரம் ஒரு நேயர் கேட்டிருந்தார்: "அப்பாவுக்கு நாலு மாசத்துல 80 கிலோ 71 ஆயிடுச்சு. சுகர் இருக்கிறவர், குறைஞ்சது நல்லதுதானே மேடம்?"

அவர் குறைக்கணும்னு நினைச்சு குறைச்சாரா? அதைத்தான் நான் முதலில் கேட்பேன். இல்லைன்னா, 80-ல 9 போயிருக்கு. 11 சதவீதத்துக்கு மேல. முயற்சி செய்யாமலே ஒரு மாதத்தில் 5 சதவீதமோ, ஆறு மாதத்தில் 10 சதவீதமோ குறைந்தால் நாங்கள் சும்மா விடமாட்டோம். 71 கிலோ ஆள் பார்க்க நல்லாத்தான் இருப்பார். ஆனா சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையா, தைராய்டா, காசநோயா, புற்றுநோயா, மனச்சோர்வா, இல்ல பல் போய் மெல்ல முடியலையா? தயவுசெஞ்சு டாக்டரைப் பாருங்க.

குறையாத எடையும் ஏமாற்றும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கல்லீரல் நோயோட ஒரு அம்மா வந்திருந்தாங்க. இரண்டு மாதம் முன்பு வயிற்றில் நீர் இல்லாதபோது 58 கிலோ, அன்றைக்கும் 58. "எடையில் மாற்றமில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டேன்.

மறுநாள் வயிற்றிலிருந்து 5 லிட்டர் நீர் எடுத்தார்கள். ஒரு லிட்டர் கிட்டத்தட்ட ஒரு கிலோ. அப்போ மிச்சம் 53. அதுலயும் காலில் வீக்கம் வேற. நீர் ஏற ஏற சதை கரைஞ்சிருக்கு. தராசு ரெண்டையும் கூட்டி 58 காட்டியிருக்கு.

அவங்க கையை நான் பார்க்கவே இல்லை. வளையல் முழங்கை வரை ஏறி இறங்குது. "ஜாக்கெட்டெல்லாம் பிடிச்சு தைச்சாச்சு மேடம்"னு மகள் சொன்னாங்க. நான் கேட்டிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பாங்க. புரதத்தைக் கூட்டி, படுக்கப் போகும் முன் ஒரு சிற்றுண்டி சேர்த்து, உணவுத் திட்டத்தையே மாத்தி எழுதினோம்.

இப்பல்லாம் தராசுக்கு முன்னாடி கட்டை விரலால் கணுக்காலுக்கு மேல அழுத்திப் பார்ப்பேன், குழி விழுதான்னு. பழைய எடை தெரியாதுன்னு சொல்றவங்ககிட்ட, பெல்ட்டை எத்தனாவது ஓட்டையில மாட்டுறீங்க, மோதிரத்துல நூல் சுத்தியிருக்கான்னு கேப்பேன். (நூல் சுத்தின மோதிரம் நிறையவே பார்த்துட்டேன்.)

அந்த நேயருக்கு: அப்பாவோட பழைய எடைகளைத் தேதியோட ஒரு தாளில் எழுதி எடுத்துட்டுப் போங்க. இனிமே ஒரே தராசு, காலையில், சாப்பிடும் முன். டயாலிசிஸ் செய்பவர்களின் எடையை அடுத்த வாரம் பேசுவோம்.