டிசைன் சாஃப்ட்வேர் அடிக்கடி கிராஷ் ஆகுதா? ரீஇன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்களில் ஒரே கேள்வியைப் பல பேர் பல விதமாகக் கேட்டிருந்தீங்க. ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா என்று பேர் மட்டும்தான் மாறுது, பிரச்சினை ஒண்ணுதான். வேலை பார்த்துட்டு இருக்கும்போதே ஸ்க்ரீன் வெளுத்துப் போகுது, 'நாட் ரெஸ்பாண்டிங்'னு வருது, அப்புறம் விண்டோவே காணாமப் போயிடுது. அந்தப் பக்கம் கிளையன்ட் 'டிசைன் ரெடியா?'ன்னு வாட்ஸ்அப்பில் மூணாவது தடவையா கேட்கிறார்.

இந்த நிலைமையில் கிட்டத்தட்ட எல்லாரும் முதலில் பண்றது ரீஇன்ஸ்டால். அரை நாள் போகும். மறுநாள் அதே இடத்தில் அதே மாதிரி கிராஷ் ஆகும். அடுத்து யாராவது 'சிஸ்டத்தையே ஃபார்மட் பண்ணிடு' என்பாங்க, இன்னொருத்தர் 'புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கு' என்பார். காசு செலவாகும், காரணம் மட்டும் தெரியாது.

ரீஇன்ஸ்டால் ஏன் பெரும்பாலும் உதவுறதில்லை? சாஃப்ட்வேரோட சொந்த ஃபைல்கள் தானாகக் கெட்டுப்போறது அபூர்வம். அடிக்கடி மாறுகிற விஷயங்கள் அஞ்சு: செட்டிங்ஸ் ஃபைல், ப்ளக்-இன், ஃபாண்ட், கிராஃபிக்ஸ் டிரைவர், அப்புறம் நீங்க திறக்கிற டாக்குமென்ட். இதில் பெரும்பாலானவை சாஃப்ட்வேரோட ஃபோல்டருக்கு வெளியே இருக்கு. நீங்க ரீஇன்ஸ்டால் பண்ணும்போது வீட்டுக்கு வெள்ளை அடிச்சாச்சு, ஆனா உள்ளே குடியிருக்கிறவங்க அதே ஆளுங்க.

அதனால் இன்னைக்கு நான் சொல்லப் போறது ஒரே ஒரு பழக்கம். ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும் மாத்துங்க, மாத்தினதை ஒரு நோட்டில் எழுதி வைங்க. டிரைவரையும் அப்டேட் பண்ணி, ஃபாண்ட்டையும் தூக்கி, செட்டிங்ஸையும் அழிச்சா, கிராஷ் நின்னாலும் எதனால நின்னுச்சுன்னு தெரியாது. அடுத்த மாசம் திரும்ப வந்தா முதலிலிருந்து ஆரம்பிக்கணும்.

முதலில், கம்ப்யூட்டர் ஏற்கெனவே எழுதி வச்சிருக்கிற குறிப்பைப் படிங்க. விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி'ன்னு ஆங்கிலத்தில் டைப் பண்ணுங்க. ஒவ்வொரு நாளும் எது கிராஷ் ஆச்சுன்னு சிவப்புக் குறியோடு ஒரு கிராஃப் வரும். ஒரு குறியை கிளிக் பண்ணி விவரத்தைத் திறந்தா 'ஃபால்ட் மாட்யூல் நேம்'னு ஒரு வரி இருக்கும். எந்த ஃபைலுக்குள்ளே ஓடிட்டு இருக்கும்போது விழுந்ததுன்னு அது சொல்லும். ஃபைல் பேர் 'என்.வி.'ன்னு ஆரம்பிச்சா பெரும்பாலும் என்விடியா டிரைவர், 'ஏ.டி.ஐ.'ன்னா ஏஎம்டி, 'ஐ.ஜி.'ன்னா இன்டெல் கிராஃபிக்ஸ். சம்பவம் நடந்த இடத்தைத்தான் அது காட்டுது, குற்றவாளியை இல்லை. ஆனா பத்து கிராஷிலும் அதே பேர் வந்தா எங்கே தேடணும்னு தெரிஞ்சுடும். மேக் வச்சிருக்கிறவங்க 'கன்சோல்' ஆப்பில் கிராஷ் ரிப்போர்ட்டைப் பார்க்கலாம்.

அடுத்து, எனக்கு ரொம்பப் பிடிச்ச டெஸ்ட். கம்ப்யூட்டரில் புதுசா ஒரு யூசர் அக்கவுன்ட் உருவாக்கி, அதில் லாகின் பண்ணி, அதே சாஃப்ட்வேரில் அதே ஃபைலைத் திறந்து அதே வேலையைப் பண்ணுங்க. அங்கே கிராஷ் ஆகலைன்னா பிரச்சினை உங்க பழைய அக்கவுன்ட்டின் செட்டிங்ஸில், இல்லைன்னா அந்த அக்கவுன்ட்டுக்கு மட்டும் போட்ட ஃபாண்ட்டில் இருக்கு. அங்கேயும் கிராஷ் ஆனா டிரைவர், எல்லாருக்கும் பொதுவா போட்ட ஃபாண்ட், ப்ளக்-இன், ஹார்டுவேர், அல்லது அந்த ஃபைல். பத்து நிமிஷத்தில் சந்தேக லிஸ்ட் பாதியாகுது.

செட்டிங்ஸ்தான்னு தெரிஞ்சா, ஃபோட்டோஷாப்பைத் திறந்த உடனே கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூணையும் சேர்த்து அழுத்திப் பிடிங்க. செட்டிங்ஸ் ஃபைலை அழிக்கவான்னு கேட்கும். இல்லஸ்ட்ரேட்டருக்கும் அதே மூணு கீதான். கோரல்டிராவில் எஃப் 8 கீயை அழுத்திக்கிட்டே திறக்கணும். அதுக்கு முன்னாடி உங்க ஆக்‌ஷன், பிரஷ், ஷார்ட்கட் எல்லாத்தையும் எக்ஸ்போர்ட் பண்ணி வச்சுக்கோங்க. வருஷக்கணக்கா சேர்த்த பிரஷ் போனா கிராஷை விட அதுதான் வலிக்கும்.

ப்ளக்-இன் மேல சந்தேகம்னா, ஃபோட்டோஷாப் திறக்கும்போது ஷிஃப்ட் கீயை மட்டும் பிடிச்சா, வெளியிலிருந்து போட்ட ப்ளக்-இன்களை விட்டுட்டுத் திறக்கவான்னு கேட்கும். கிராஃபிக்ஸ் டிரைவர் மேல சந்தேகம்னா, பிரிஃபரன்ஸஸில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் 'யூஸ் கிராஃபிக்ஸ் பிராசஸர்' டிக்கை எடுத்துட்டு, சாஃப்ட்வேரை மூடித் திறந்து வேலை பாருங்க. கிராஷ் நின்னா டிரைவர்தான்னு கிட்டத்தட்ட உறுதி. டிக்கை அப்படியே விட்டுட வேண்டாம், எல்லாமே மெதுவாயிடும். கார்டு கம்பெனியோட சைட்டிலிருந்து புது டிரைவர் போடுங்க. அப்டேட்டுக்கு அப்புறம்தான் பிரச்சினை ஆரம்பிச்சதுன்னா, டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக்' கொடுத்துப் பழைய டிரைவருக்குப் போங்க.

இப்போ ஃபாண்ட். இது நம்ம ஊர் டிசைனர்களுக்கு ரொம்ப முக்கியம். தமிழில் டிசைன் பண்றவங்க கம்ப்யூட்டரில் பழைய என்கோடிங் ஃபாண்ட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். பென் டிரைவ் பென் டிரைவாகக் கை மாறி வந்தவை, ஒரே பேரில் மூணு காப்பி, பாதி உடைஞ்ச ஃபைல். கல்யாணப் பத்திரிகையும் கடை போர்டும் பண்ற ஒரு லிஸ்னர் எழுதியிருந்தாங்க: டெக்ஸ்ட் டூலைத் தொட்டாலே கிராஷ், சர்வீஸ் கடையில் கிராஃபிக்ஸ் கார்டு போச்சுன்னு சொல்லிட்டாங்க, முகூர்த்த சீசன் வருது, கடன் வாங்கியாவது கார்டு வாங்கிடவான்னு. நான் கேட்டது ஒண்ணுதான்: படம் மட்டும் இருக்கிற ஃபைலில் கிராஷ் ஆகுதா? இல்லைன்னாங்க. அப்போ கார்டை வாங்காதீங்க, முதலில் ஃபாண்ட்டைப் பாருங்கன்னு சொன்னேன்.

அவங்க கிட்டே இருந்தது சுமார் 2,000 ஃபாண்ட். ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தா ஆயுசு போதாது. எல்லாத்தையும் வேற டிரைவில் காப்பி எடுத்துட்டு, பாதியை அன்இன்ஸ்டால் பண்ணச் சொன்னேன். கிராஷ் நின்னா கெட்டது எடுத்த பாதியில் இருக்கு, நிக்கலைன்னா மிச்சப் பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கணும். 2,000, 1,000, 500, 250 என்று போனா அதிகபட்சம் 11 தடவையில் ஒத்தை ஃபாண்ட்டில் வந்து நிக்கும். கோடு எழுதுறவங்க பக் தேடுறதும் இப்படித்தான், பைனரி சர்ச். ஒரு சாயங்காலத்தில் அவங்க ஒரு உடைஞ்ச ஃபாண்ட்டைக் கண்டுபிடிச்சாங்க. கார்டு வாங்கலை.

ஒரு குறிப்பிட்ட டாக்குமென்ட்டில் மட்டும் கிராஷ்னா அதே பாதி கணக்குதான். ஃபைலைக் காப்பி எடுத்து, பாதி லேயரை அழிச்சுப் பாருங்க.

இவ்வளவும் பண்ணியும் கிராஷ் வேற வேற இடத்தில், வேற வேற சாஃப்ட்வேரில் வருதுன்னா ஹார்டுவேரைச் சந்தேகப்படலாம். விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் ஓட்டி ரேமைச் சோதிங்க. இங்கே 2024-ல் நடந்த ஒண்ணைச் சொல்லணும். இன்டெலோட 13, 14-வது தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் வச்சிருந்த பலருக்கு கேம்கள் 'வீடியோ மெமரி போதலை'ன்னு எர்ரர் காட்டி விழுந்துச்சு. நிறைய பேர் கிராஃபிக்ஸ் கார்டைத் திட்டினாங்க. கடைசியில் பிராசஸர் தேவைக்கு அதிகமா வோல்டேஜ் கேட்கிறதுதான் காரணம்னு இன்டெலே சொல்லுச்சு. ஆகஸ்டில் திருத்தம் வந்தது, வாரன்ட்டியை 2 வருஷம் நீட்டினாங்க. ஆனா ஏற்கெனவே பழுதான சிப்பை அந்த அப்டேட் சரி பண்ணாது. உங்ககிட்டே அந்த வகை சிப் இருந்தா பயாஸ் அப்டேட் ஆகியிருக்கான்னு பாருங்க. எர்ரர் மெசேஜ் கை நீட்டுற ஆள் எப்பவும் குற்றவாளி கிடையாது.

கிராக் பண்ணின காப்பி வச்சிருக்கிறவங்களுக்கும் ஒண்ணு. நான் உபதேசம் பண்ண வரலை. ஆனா யாரோ உள்ளே கை வச்சு மாத்தின ஃபைலில் கிராஷ் வந்தா, மேலே சொன்ன எந்த டெஸ்ட்டோட பதிலையும் நம்ப முடியாது. மாசச் சந்தா கட்டுப்படியாகலைன்னா இன்க்ஸ்கேப், கிம்ப், கிரிட்டா மூணும் இலவசம், அப்டேட்டும் ஒழுங்கா வரும்.

காரணம் கிடைக்கிற வரைக்கும் வேலையைக் காப்பாத்தணும் இல்லையா? ஃபைலை பென் டிரைவிலிருந்தோ நெட்வொர்க்கிலிருந்தோ நேரடியாகத் திறக்காதீங்க, முதலில் கம்ப்யூட்டருக்குக் காப்பி பண்ணுங்க. சி டிரைவில் தாராளமா இடம் விடுங்க. ஃபோட்டோஷாப்பில் தானாக ரிகவரி எடுக்கிற இடைவெளி 10 நிமிஷமா இருக்கும், 5 ஆக்குங்க. முக்கியமா, ஒரே ஃபைல் மேலேயே சேவ் பண்ணாம 1, 2, 3-ன்னு நம்பர் போட்டு சேவ் பண்ணுங்க. சேவ் ஆகும்போதே கிராஷ் ஆனாலும் முந்தின நம்பர் பத்திரமா இருக்கும்.

உங்க ரிலையபிலிட்டி ஹிஸ்டரியில் புரியாத பேர் ஏதாவது வந்தா ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்க, அடுத்த எபிசோடில் சேர்ந்து பார்க்கலாம். கண்ட்ரோல் எஸ் அழுத்திட்டே இருங்க.